கடல் போயிட்டு வரும் கதை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் நாக்கு இருந்தது, கடலுக்கும் வாய் இருந்தது. ஆனால் கடலுக்கு ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கும். நிலாவும் அப்போது வானத்தில் இல்லை. அவன் கடலாத்தாளின் ஒரே பிள்ளை. ஆத்தாள் மடியில் பித்தளைத் தாம்பாளம்போல மிதந்துகொண்டு, மீன்களோடு விளையாடிக்கொண்டு, சொகுசாகக் கிடந்தான்.

அந்தக் கடலின் கரையில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் சாத்தையா வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிறவன். இருளாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். சாத்தையாவுக்கோ மூக்கு நுனியில் கோபம். இரண்டும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் விடிகாலையில் அதுதான் ஆயிற்று.

"மீன்குழம்புல உப்பே இல்லையே, புள்ள?" என்றான் சாத்தையா.

"நாளெல்லாம் உப்புத் தண்ணியில கெடக்குற நாக்கு! ஒரு சட்டி உப்பைக் கொட்டுனாலும் தெரியவா போவுது?" என்றாள் இருளாயி.

சாத்தையா சோற்றுச் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தான். துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது என்னவோ சொன்னான். இருளாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "போ" என்று தொடங்கியது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

"போங்க, யாரு பிடிச்சு வச்சா?" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

அப்போது அந்த ஊரில் இரண்டு சொல் புழங்கின. திரும்பி வருகிறவன் "போயிட்டு வாரேன்" என்பான். முறித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறவன் "போறேன்" என்பான். சொன்னால் சொன்னதுதான். சொல்லை மீறி யாரும் நடந்ததில்லை, நடக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அன்று எல்லா வள்ளமும் கரை திரும்பின, சாத்தையாவின் வள்ளம் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அவன் சொன்னது எது? 'போறேன்' என்றால் அதற்கு மேல் அழுவதற்குத்தான் வழி. 'போயிட்டு வாரேன்' என்றால் காத்திருக்கலாம். அழுவதா, காத்திருப்பதா என்றுகூடத் தெரியாமல் இருளாயி உலை வைப்பாள், இறக்குவாள், மறுபடி வைப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் வாசலோரம் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ நண்டு, அன்னைக்கு நீ இங்கதான இருந்த? எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லிட்டுப் போனாரு?"

நண்டு கண்ணை நீட்டி யோசித்தது. "'போறேன்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு, தாயி."

இருளாயி மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"இரு இரு, அழுவாத. 'போயிட்டு வாரேன்'னும் ஒரு சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு வீட்டுப் பக்கமிருந்து வந்துச்சு, ஒண்ணு கடல் பக்கமிருந்து வந்துச்சு."

"எது எந்தப் பக்கம்?"

"அதான் குழப்பமா இருக்கு. எனக்கு நேராப் பாத்தா பக்கமாத் தெரியும், பக்கமாப் பாத்தா நேராத் தெரியும்."

இந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருளாயி தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அதற்குள் காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலைத் தொட்டது. பிறந்ததிலிருந்து இருந்த இடத்தை விட்டு அசையாத கடல் ஊருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது!

ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினார்கள். கடலாத்தாள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு குடிசையாக நுழைந்து சட்டியைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். இருளாயி வாசலில் ஒரு குடம் இருந்தது. அதற்குள் வெள்ளையாக என்னவோ தெரிந்தது.

"ஐயா, ராசா, இங்கயா ஒளிஞ்சிருக்க!" என்று கடலாத்தாள் குடத்துக்குள் பாய்ந்தாள். குடத்துத் தண்ணீர் உப்பானதுதான் மிச்சம்.

"ஆத்தா, யாரைத் தேடுற?" என்று கேட்டாள் இருளாயி.

"எம்பிள்ளையைக் காணோம், தாயி. மூணு நாளாச்சு. நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. வளந்த பிள்ளை மடியிலயே கெடந்தா வலிக்குது, கொஞ்சம் நகருன்னேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு 'போறேன்'னுட்டான். நானும் ஒரு வேகத்துல 'போ'ன்னுட்டேன். கடலடி எல்லாம் புரட்டித் தேடிட்டேன். ஆளைக் காணோம்."

இருளாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். 'போறேன்' என்றது கடல் பக்கத்துச் சத்தமா? அப்படியானால் வீட்டுப் பக்கத்துச் சத்தம் 'போயிட்டு வாரேன்'! அவன் வருவான்! சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது. எதிரே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி நிற்கிறாள் என்று உறைத்ததும், சீ, என்ன மனசு இது என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"குடத்துல இருந்தது அவன் நிழல், ஆத்தா. கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாரு" என்றாள்.

பிள்ளை மடியில் கிடந்தவரை கடலாத்தாள் குனிந்தே பழகியவள். அன்றுதான் முதல்முதலாக அண்ணாந்து பார்த்தாள். மேற்கே பனைமர உச்சியில், விடிந்த வெளிச்சத்தில் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தான் நிலா. மூன்று நாளாக அங்கேயேதான் நிற்கிறான். போக மனமில்லை. வர ரோசம் விடவில்லை.

"இறங்கி வாப்பா!"

"எப்படி வர்றது? 'போறேன்'னு சொல்லிட்டேனே" என்றான் நிலா.

சொன்னால் சொன்னதுதான். கடலாத்தாளுக்கும் அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. இருளாயிதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள். நீளமான வாய் என்று சொன்னேனே, அது உதவிய நாள் அன்று ஒன்றுதான்.

"தம்பி! அவசரத்துல நீ பேச்சைப் பாதியில விட்டுட்ட. சொன்னதை மாத்தத்தான் கூடாது. விட்டதைச் சொல்லக் கூடாதுன்னு யாரு சொன்னா? மீதியைச் சொல்லி முடி!"

"போயிட்டு வாரேன், ஆத்தா" என்றான் நிலா.

அவ்வளவுதான். கடலாத்தாளுக்கு மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. குடிசைகளை விட்டாள், வாசலை விட்டாள், பழைய கரையையும் தாண்டி இறங்கிக்கொண்டே போனாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம், இறங்கிப் பழக்கமில்லை. அடிமண் தெரிந்தது. தூரத்தில் பாறைத்திட்டு தெரிந்தது. அந்தத் திட்டின் மேல், இரண்டு பாறைக்கு நடுவே ஒரு வள்ளம் செருகிக் கிடந்தது. ஒருவன் தலைத்துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சாத்தையா! ஆத்தாள் பிள்ளையைத் தேடிப் புரண்டபோது தூக்கி வீசிய வள்ளம் அது.

இருளாயி ஓடினாள். பத்தடியில் இடுப்புவரை சேற்றில் புதைந்தாள். திட்டுவரைக்கும் ஆளை விழுங்குகிற சேறு. அவனும் நடந்து வர முடியாது, அவளும் நடந்து போக முடியாது. தண்ணீர் வந்து தூக்கினால்தான் வள்ளம் அசையும். அந்த நேரம் பார்த்துத் தூரத்திலிருந்து கடலாத்தாள் குரல் கொடுத்தாள்.

"நல்லா இரு, தாயி. நான் போ—"

"ஐயோ, ஆத்தா, அதைச் சொல்லாத!" இருளாயி சேற்றில் நின்றபடி அலறினாள். "எம் புருசன் அங்க கெடக்காரு! 'போயிட்டு வாரேன்'னு சொல்லு!"

"சரி, போயிட்டு வாரேன்" என்றாள் கடலாத்தாள், எதற்கு இவ்வளவு அலறல் என்று புரியாமல்.

சொன்னால் சொன்னதுதான். வெயில் ஏறி, நிலா பனைகளுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கடல் மறுபடி ஏறி வந்தது. சேற்றில் நின்ற இருளாயியையும் வள்ளத்தையும் பூப்போலத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் வைத்தது.

சாத்தையா உதடு வெடித்துப்போய் இறங்கினான். இருளாயி அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு என்ன சொல்லிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள்.

"என்னைக்கு?"

"உப்பு இல்லைன்னு போனீங்களே. 'போ'ன்னு ஆரம்பிச்சு என்னமோ சொன்னீங்களே!"

சாத்தையா யோசித்தான். "'போடி'ன்னு சொன்னேன்" என்றான்.

இருளாயிக்குச் சிரிப்பதா, அழுவதா, அவனை அடிப்பதா என்று தெரியவில்லை. மூன்றையும் செய்தாள். அப்புறம் பொய்ச்சாட்சி சொன்ன நண்டைத் தேடி அகப்பையோடு ஓடினாள். அழுகிறவளைத் தேற்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்ன அந்த நண்டு வளைக்குள் புகுந்துகொண்டது. இன்றைக்கும் காலடிச் சத்தம் கேட்டால் அது வெளியே நிற்பதில்லை.

பொழுது சாய்ந்தது. குழம்புக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்த இருளாயியின் காலில் மறுபடியும் ஈரம் பட்டது.

"என்ன ஆத்தா, இப்பத்தான வந்துட்டுப் போன?"

"காலையில வந்தது பிள்ளையை வழியனுப்ப. இப்ப அவன் திரும்பி வாரான்ல? எதிர்கொண்டு கூப்பிட வேணாமா?" என்றாள் கடலாத்தாள். கிழக்கே நிலா எழுந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அதே நேரத்துக்குப் பாத்திரங்களை எடுத்து மேட்டில் வைத்துவிட்டு இருளாயி காத்திருந்தாள். கடல் வரவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்து மீனைக் காயப்போட்டாள். இரண்டு நாழிகை கழித்து வந்து அவ்வளவையும் நனைத்துவிட்டது.

"நேத்து இதுக்கு முந்தியே வந்துட்டியே, ஆத்தா?"

"நான் என்ன செய்ய? அவன் வந்தாத்தான நான் வரணும். 'போயிட்டு வாரேன்'னான், எப்பன்னு சொன்னானா?"

இருளாயி குடிசையைப் பிரித்து மேட்டில் கட்டிக்கொண்டாள். வள்ளத்தைத் தள்ளுவதற்கும் மீனைக் காயப்போடுவதற்கும் முன்னால் நிலா எங்கே நிற்கிறான் என்று பார்க்கப் பழகிக்கொண்டாள்.

சாத்தையாவின் கோபம் மட்டும் குறையவில்லை. அடுத்த முறையும் சண்டை போட்டுக்கொண்டு துடுப்பைத் தூக்கினான். இருளாயி அடுப்பை விட்டு எழுந்து, வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். வள்ளத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை.

"போயிட்டு வாரேன்" என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று முதல்தான் கடல் நாளுக்கு இரண்டு தடவை நிலாவுக்காக ஏறி இறங்குகிறது. அன்று முதல்தான் நம்மில் எவரும், எவ்வளவு கோபமிருந்தாலும், 'போறேன்' என்று பாதியில் விடுவதில்லை. யாராவது விட்டால், மீதி வரும்வரை வீட்டில் இருப்பவள் வாசலை விடுவதில்லை.