சரளைக்கு அடியில்

“என் வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தாயே.”

காந்திமதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் ரயிலிலும் ஒரு நாள் பஸ்ஸிலும் வந்திருந்தாள்.

சரளையம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பனிமலைச் செடிகளை வளர்க்கும் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துறவி அவள். வயது முப்பத்திரண்டு. காந்திமதிக்கு மகள் மாதிரி. கேட்டதற்கெல்லாம் விடை சொல்வாள் என்று பெயர்; ஞானத்துக்கு வயதா பார்ப்பார்கள்?

“முதல்ல உட்காருங்கக்கா. மூச்சு வாங்குது பாருங்க.”

“கடைக்குப் போறேன்னு போனவர். பதினோரு வருஷமாச்சு. ஆடி அமாவாசைக்குக் கருமாதி செஞ்சே ஆகணும்னு அவர் தம்பிமார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நான் சரின்னு சொல்லி, மறுநாளே அவர் வாசல்ல வந்து நின்னா?”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அவளைத் தின்றது ஊர் இல்லை. அந்த மறுநாள்தான்.

சுற்றிலும் விரல் உயரம்கூட இல்லாத செடிகள் கல்லோடு ஒட்டிப் பூத்திருந்தன. நடுநடுவே வெறும் சரளைப் பாத்திகள். அவற்றிலும் தகரப் பெயர்ச்சீட்டுகள் நின்றன.

“இதெல்லாம் செத்துப்போச்சா தாயே?”

“சிலது செத்திருக்கும். சிலது தூங்குது. நாலஞ்சு பனி கழிச்சு எழும்புறதும் உண்டு.”

“எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. அதனால நாங்க கிளறவும் மாட்டோம், சீட்டைப் பிடுங்கவும் மாட்டோம்.”

“கிளறினா?”

“தூக்கம் கலைஞ்சிரும். அப்புறம் தூங்கவும் முடியாம, முளைக்கவும் முடியாம கிடந்து தவிக்கும்.”

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

மூடுபனி ஏறி வந்தது. உச்சிவேளையிலேயே எதிரில் இருந்த செடி தெரியவில்லை. காற்றே இல்லை. ஆனாலும் காந்திமதியின் காலடியில் ஒரு தகரச் சீட்டு கிடுகிடுவென்று ஆடியது.

அவள் குனிந்து பார்த்தாள். அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

கை சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரிப் பிணவறை, மடம், ரயிலடி என்று பதினோரு வருஷம் தேடிய கை. சரளையை விலக்கியது. மண்ணைக் கிளறியது.

அந்தக் குளிரிலும் மண் வெதுவெதுப்பாக இருந்தது. போர்வைக்குள் ஆள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

“விடு மதி.”

அவர் குரலேதான். விடிகாலையில் உலுக்கினால் வரும் அதே சலிப்பு.

“இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிறேன்.”

அவள் இரண்டு கையாலும் மண்ணைப் பற்றினாள். ‘ஏங்க’ என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் சரளைமேல் காலடி கேட்டுத் திரும்பினாள்.

பின்னால் சரளையம்மா இரண்டு டம்ளர்களோடு நின்றாள். கோபம் இல்லை. முகத்தில் இரக்கம்தான் இருந்தது.

“எத்தனை தடவைக்கா எழுப்புவீங்க?”

காந்திமதி தன் நகக்கண்களில் இருந்த மண்ணையே பார்த்தாள். பிறகு குழியை மூடினாள். கல் கல்லாக எடுத்து, சத்தம் வராமல் வைத்தாள். வைக்க வைக்க அழுதாள். கடைசிக் கல்லை வைத்ததும் மண் அசைவது நின்றது.

“தாயே, இன்னிக்கே கிளம்பினா அமாவாசைக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துருவேனா?”