ஆள்காட்டியின் கறையான் பங்கு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செவலி முயலுக்கு ஒரே பயம். குளக்கரையில் காட்டுக் கூட்டம் கூடியிருந்தது. வாயைத் திறந்தே ஆகவேண்டும், திறந்தால் உளறிவிடுவாள். பின்னங்காலால் மண்ணைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். அந்தக் காட்டில் எல்லாரும் புற்றைக் கிளறிக் கொஞ்சம் கறையானைப் பொதுவில் வைப்பார்கள். கரைமேட்டில் நின்று காவல் பார்க்கும் ஆள்காட்டிக் குருவிக்கு அதுதான் சாப்பாடு. இரை தேடப் போனால் அது தலை குனிய வேண்டும். தலை குனிந்தால் காவல் ஏது? காட்டுப்பூனையின் காது தெரிந்ததுமே ஆள்காட்டி கத்தும். தண்ணீர் குடிப்பவர்கள் சிதறி ஓடிப் பிழைப்பார்கள். மிச்சக் கறையான் பாட்டுப் பாடும் மைனாவுக்கு.

"சீர்திருத்தம் வேண்டும்," என்றது உச்சிக்கிளையிலிருந்த மந்தி. "பொதுக் கறையானைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா? யார் குரலை எத்தனை பேர் நின்று கேட்கிறார்களோ, அதற்குத் தகுந்த பங்கு. நியாயம்தானே?"

தலைகள் ஆடின. செவலி எழுந்தாள்.

"மந்தியக்கா, ஆள்காட்டி கத்தினா நாங்க யாருமே நிக்கமாட்டோமே..."

"கேட்டீங்களா? முயலம்மாவே சொல்லிட்டாங்க. அது கத்தினா யாரும் நிக்கிறதில்லையாம்!"

கூட்டம் சிரித்தது.

"ஐயோ, நான் அதைச் சொல்ல வரலை. நாங்க ஓடறதே..."

"உட்காருங்கம்மா. வெயில் ஏறுது," என்றது மான்.

மந்திக்கு என்ன, மரத்திலேயே பிறந்து மரத்திலேயே தூங்குகிறது. பூனை வந்தால் அதற்கென்ன, போனால் அதற்கென்ன? இந்தப் பதில் வளைக்குத் திரும்பிய பிறகுதான் செவலிக்குத் தோன்றியது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றோடு ஆள்காட்டியின் பங்கு நின்றது.

"குரலைக் கொஞ்சம் இனிமையா வெச்சுக்கோயேன்," என்று மைனா புத்தி சொன்னது.

"பூனை வருதுன்னு ராகம் போட்டா சொல்றது? நான் பாடி முடிக்கிறதுக்குள்ள அது உங்களைத் தின்னு முடிச்சிருக்கும்," என்று ஆள்காட்டி எரிந்து விழுந்தது. பிறகு வயிற்றைப் பார்க்க, பக்கத்து வயலுக்குப் பூச்சி பொறுக்கப் போனது.

ஒரு மத்தியானம் மைனா பாடிக்கொண்டிருந்தது. குளக்கரை நிறையக் கூட்டம். செவலியின் குட்டிகள் முன்வரிசையில் வாயைப் பிளந்து நின்றன. கோரைப்புல் அசைந்தது. மைனா எட்டிப் பார்த்தது, பாட்டு நிற்கவில்லை.

பூனை பாய்ந்தது. செவலி கடைக்குட்டியை இடித்துத் தள்ளினாள். குட்டி தப்பியது. அதன் காதில் பாதி பூனையின் வாயோடு போனது.

"பார்த்துட்டுமா பாடினே?" என்று செவலி கிளையைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் கத்தியிருந்தா எல்லாரும் ஓடியிருப்பீங்களே அக்கா," என்றது மைனா. "அப்புறம் என் பங்கு என்னாகிறது?"

உச்சிக்கிளையில் மந்தி தொண்டையைச் செருமியது. "இதைப்பற்றி விரிவாகப் பேச நாளைக்கே இன்னொரு கூட்டம் போடலாம்," என்றது.

செவலி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. புற்றைக் கிளறினாள். வாய் நிறையக் கறையான் மண்ணைக் கவ்விக்கொண்டு வயலுக்குப் போய் ஆள்காட்டியின் முன்னால் கொட்டினாள். "வந்து கத்து. எவ்வளவு கொடூரமா வேணும்னாலும் கத்து," என்றாள். அது பழையபடி மேட்டில் ஏறி நின்றதும், தன் வளையையும் அந்த மேட்டின் அடியிலேயே தோண்டிக் குட்டிகளைக் குடிவைத்தாள்.

நின்று கேட்க வைக்கும் குரலுக்கு மட்டுமே கூலி கொடுக்கும் ஊரில், ஓடிப் பிழை என்று சொல்ல ஒரு குரலும் மிஞ்சாது.