அரசரின் இடுப்பளவு

முன்னொரு காலத்தில், நாட்டின் எல்லையைவிட அரசரின் வயிறு வேகமாக விரிந்துகொண்டிருந்த ஒரு தேசத்தில், மகுடவர்மர் என்றொரு ராஜா இருந்தார். தங்கத்தில் அரைக்கச்சை அணிய வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்தது. அளவெடுப்பதில்தான் சிக்கல். உயிரோடிருக்கும் அரசரின் இடுப்பில் கயிறு சுற்றி அளந்தால் ஆயுள் குறையும் என்பது அந்த அரண்மனையின் நம்பிக்கை.

"குழைக்காதன் அளக்கட்டும், மன்னா!" என்றார் அமைச்சர் அனந்தபத்மர். குழைக்காதன் அவையின் விகடகவி. அவன் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் அமைச்சருக்கு வயிறு எரியும். "திருமேனியைத் தொடாமல் அளவு சொல்லட்டும். தவறினால் நாடு கடத்துங்கள்!"

அரசரும் சரியென்றுவிட்டார்.

மறுநாள் காலை வெயிலில் அரசரைக் கைதூக்கி நிற்கவைத்தான் குழைக்காதன். நிழல் நீண்டாலும் அகலம் மாறாது என்பதால், தரையில் கிடந்த நிழலில் வயிற்றின் அகலத்தை மட்டும் விரல்வைத்து அளந்தான். இருபத்தொரு விரல்.

"அபச்சாரம்! மன்னரின் நிழலும் மன்னரே!" என்று கத்தினார் அமைச்சர்.

"அப்படியானால் தாங்கள் இவ்வளவு நேரமாக மிதித்துக்கொண்டிருப்பது மன்னரின் மகுடத்தை, ஐயா!"

அமைச்சர் துள்ளி விலகினார். அரசர் மீசைக்குள் சிரித்தார்.

"வட்டத்தின் அகலம் ஏழு விரலென்றால் சுற்றளவு இருபத்திரண்டு விரல். மன்னர் வயிறோ நல்ல வட்டம். அகலம் இருபத்தொன்று, ஆகவே சுற்றளவு அறுபத்தாறு" என்றான் குழைக்காதன்.

"பொய்! அகலத்தைப்போல மும்மடங்குதான் சுற்று. அறுபத்துமூன்று! மிச்ச மூன்று விரல் தங்கத்தைத் தட்டானோடு பங்குபோடப் பார்க்கிறான், திருடன்!" என்றார் அமைச்சர்.

அரசரின் முகம் கறுத்தது. குழைக்காதன் பணிவாகச் சொன்னான்: "அமைச்சர் கணக்குப்படியே செய்யுங்கள், மன்னா. பொருந்தினால் நானே மூட்டை கட்டுகிறேன்."

கச்சை வந்தது. அரசர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அமைச்சர் இரு முனையையும் முக்கி முக்கி இழுத்துக் கொக்கியை மாட்டிவிட்டார். "பார்த்தீர்களா? கச்சிதம்!"

"அழகு, மன்னா! இனி மூச்சு விடலாம்" என்றான் குழைக்காதன்.

அரசர் மூச்சு விட்டார். கொக்கி தெறித்துப் போய் அமைச்சரின் மூக்கில் பட்டது. அரசர் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அமைச்சர் கையிலிருந்த தங்கக் கடகத்தை உருக்கி மூன்று விரல் தங்கம் சேர்த்தபின், கச்சை சிக்கென்று பொருந்தியது.

"உனக்கென்ன பரிசு வேண்டும், குழைக்காதா?"

"எனக்கும் ஒரு தங்கக் கச்சை, மன்னா."

"தந்தோம்! தட்டானே, இவன் இடுப்பை இப்போதே அள!"

குழைக்காதன் பதறி இரண்டடி பின்வாங்கினான். "அவசரம் வேண்டாம், மன்னா! முதலில் ஒரு மாதம் அரண்மனை விருந்து. அளவை அப்புறம் எடுக்கலாம்!"

அரசர் மறுபடி சிரித்துக்கொண்டே சமையற்காரனைக் கூப்பிட்டார்.