வாசலில் உட்கார்ந்த ஒற்றை

முதலில் தப்பு செய்தது குரோம்பேட்டை சுகந்தி. யார் முதலில் என்று சொல்லாமல் ஒரு வழக்கைச் சொல்வது முறையில்லை. அதனால் அதை முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

சேலத்துக்குப் பக்கத்தில் அர்த்தனாரி என்றொருவர் கல்சட்டி விற்றுவந்தார். அவருக்கு இரண்டு கடைகள். ஒன்று சாலையோரம், தகரக் கூரைக்குக் கீழே. இன்னொன்று அவருடைய மருமகள் கோகிலாவின் செல்போனுக்குள்ளே. செல்போன் கடையில் சட்டி வாங்கியவர்கள் போகும்போது வாசலில் நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவை ஐந்தைந்தாகக் கைகோத்து உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "உள்ளே போங்க, நல்ல சட்டி, நம்பி வாங்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் ஒரு நட்சத்திரம் தனியாக வந்தது. அதன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. "ஆர்டரை வாங்கிக்கொண்டு கேன்சல் செய்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள்."

புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் முன்னால் உட்கார வேண்டும் என்பது அந்தக் கடைவீதியின் சட்டம். அந்த ஒற்றை நட்சத்திரம் நேராக வந்து நட்டநடு வாசலில் உட்கார்ந்தது.

"ஏம்பா, மத்த நாலு பேரு எங்க?" என்று கேட்டன பழைய நட்சத்திரங்கள்.

"நான் மட்டும்தான். கோபத்துல அந்தம்மா விரல் என் மேலதான் பட்டுச்சு."

"கழுத்துல இருக்கிறதையாவது கழட்டி வைக்கக் கூடாதா?"

"நானா மாட்டிக்கிட்டேன்? மாட்டின கைதான் கழட்டணும்."

நடந்தது இதுதான். சுகந்தி தன் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சீர் கொடுக்க ஒரு பெரிய கல்சட்டி கேட்டிருந்தாள். தை முதல் முகூர்த்தத்தில் விழா. அர்த்தனாரி எந்தச் சட்டியையும் பழக்காமல் அனுப்பமாட்டார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுவார். அப்படி ஊறியபோது இந்தச் சட்டியின் வெளிப்புறத்தில் நூல் போல ஒரு ஈரம் கசிந்தது.

"என்னை அனுப்பாதீங்க" என்றது சட்டி. "எனக்குள்ள விரிசல் இருக்கு. அடுப்புல வெச்சா ரெண்டு கொதி தாங்கமாட்டேன்."

அதே அளவில் வேறு சட்டி இல்லை. அர்த்தனாரி கோகிலாவிடம் ஆர்டரை ரத்து செய்யச் சொன்னார். பணம் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது.

"போன் காரணம் கேக்குது மாமா. விரிசல்னு போட்டுடட்டுமா?" என்றாள் கோகிலா.

அவர் பதறிப்போனார். "பால் காய்ச்சப் போற வீடும்மா! விரிசல், உடைசல்னு சொல்லி அனுப்புவாங்களா? நம்ம கடையில சீர்ச்சட்டிக்கு அந்த வார்த்தை வாயில வந்ததே இல்ல. ஒண்ணும் போடாத. விடு."

காரணத்துக்கான இடம் வெறுமையாகப் போனது. அந்த வெறுமையைச் சுகந்தி தனக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டாள். கூடுதல் விலைக்கு வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள் என்று நினைத்தாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒற்றை உட்கார்ந்த நாளிலிருந்து வாசல் வரை வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொங்கல் வியாபாரம்தான் அந்தக் கடைக்கு வருஷத்து வியாபாரம். அர்த்தனாரிக்கு உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. சட்டிகளை இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு மாற்றுவார். மறுபடி பழையபடி அடுக்குவார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து, "இன்னும் இருக்குதா அது?" என்பார்.

"எங்க போகும் மாமா? இருக்குது."

ஒற்றைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அது பதிலுக்கான நாற்காலி. ஒரே ஒரு பதில்தான் அதில் உட்காரலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

முதலில் வெடுக்கு என்ற பதில் ஓடிவந்தது. "நகருங்க, நான் உக்காரறேன். 'கல்சட்டிக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத உங்களுக்கெல்லாம் விற்காததே நல்லது.' எப்படி?"

அர்த்தனாரிக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், மிகவும் பிடித்திருந்தது.

அதற்குள் நயம் என்ற இன்னொரு பதில் குறுக்கே வந்தது. மடிப்புக் கலையாத சட்டை, சீவிய தலை. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

வெடுக்கு சிரித்தது. "யோவ், ரயில் லேட்டுன்னு மைக்ல சொல்றவன் மாதிரியே பேசறியே. எதுக்குய்யா வருத்தப்படற? தப்பு நம்ம மேலயா?"

"தப்பு யார்மேல் என்பது முக்கியமில்லை. வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும்."

"திரும்பி வந்து இன்னொண்ணு போடட்டும்னா?"

"நீ உட்கார்ந்தால் நாளைக்குப் பத்து பேர் வந்து போடுவார்கள்."

இரண்டும் நாற்காலியின் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தன. பகலெல்லாம் இழுத்தன. நடுவில் நின்ற அர்த்தனாரிக்கு மண்டை காய்ந்தது. வெடுக்கு சொன்னது பொய்யில்லை, ஆனால் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை. நயம் சொன்னதிலும் இல்லை.

மூலையில் கவிழ்த்து வைத்திருந்த விரிசல் சட்டி அப்போது பேசியது. "நான் உக்காரட்டுமா?"

"நீயா? உன்னை மறைக்கத்தான இவ்வளவும்!" என்றது வெடுக்கு.

"நடந்ததுக்கு நான்தான் சாட்சி. நான் போய் உக்காந்தா முடிஞ்சுபோகும்."

அர்த்தனாரி தலையசைத்தார். "இப்ப வேணாம். அவங்க வீட்ல இன்னும் பால் காய்ச்சல."

"அந்தம்மா உங்களை ஏமாத்துக்காரன்னு எழுதியிருக்கு மாமா. அதுக்கு நல்ல நேரம் பாத்து பதில் சொல்லணுமா?" என்றாள் கோகிலா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுதினது அக்கா. குடிபோறது தங்கச்சி. அந்தப் பொண்ணு என்னை ஒண்ணும் சொல்லலியே."

பொங்கல் போனது. வியாபாரமும் பெரும்பகுதி போனது. ஒற்றை வாசலிலேயே இருந்தது. அர்த்தனாரி சட்டிகளை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார். முகூர்த்த நாள் விடிந்து, பால் பொங்கி, பந்தி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, சாயங்காலம் கோகிலாவைக் கூப்பிட்டார்.

"இப்ப எழுதும்மா. 'சட்டியில் விரிசல் இருந்தது. கொதித்தால் பிளந்துவிடும். புது வீட்டுக்குப் போகிற சீருக்கு அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் காரணம் எழுதவில்லை. பால் பொங்கியிருக்கும், இப்போது எழுதுகிறோம். தங்கை நன்றாக இருக்கட்டும்.' அவ்வளவுதான்."

"மன்னிக்கணும்னு ஒரு வார்த்தை?"

"எதுக்கு?"

கோகிலா சட்டியைப் படமெடுத்து, அந்த ஈரக் கோட்டோடு போட்டாள். சட்டி போய் நாற்காலியில் உட்கார்ந்தது. வெடுக்கும் நயமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இறங்கிப் போயின.

அதன் பிறகு வந்தவர்கள் முதலில் ஒற்றையைப் படித்தார்கள், பிறகு சட்டியைப் படித்தார்கள். சிலர் உள்ளே வந்தார்கள். மாசியில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. சுகந்திதான். அதே பெரிய அளவு. வேறொரு சொல் இல்லை.

"அனுப்பணுமா மாமா?" என்றாள் கோகிலா.

"சட்டி என்ன பாவம் செஞ்சுது? அனுப்பு." அவரே கூடுதலாக ஒருநாள் கஞ்சி ஊற்றிப் பார்த்து, வைக்கோல் சுற்றிக் கட்டினார்.

சட்டி போய்ச் சேர்ந்த மறுவாரம் ஐந்து நட்சத்திரங்கள் கைகோத்து வந்து வாசலில் உட்கார்ந்தன. அவற்றின் கழுத்தில் "அருமையான சட்டி" என்று இருந்தது.

ஒற்றை பரபரப்போடு எழுந்து நின்றது. "சுகந்தியம்மா அனுப்பினாங்களா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? நான் போகலாமா?"

"உன்னைப் பத்தியா?" ஐந்தும் யோசித்தன. "ஒண்ணும் சொல்லலியே."

கோகிலா செல்போனை நீட்டினாள். "பாருங்க மாமா, அஞ்சு குடுத்துட்டாங்க! இனிமேலாவது அதை மறந்துட்டு ஒழுங்கா சாப்பிடுங்க."

அர்த்தனாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இது இந்தச் சட்டிக்கு வந்ததும்மா" என்றார். "எனக்கு வரவேண்டியது இன்னும் வரல."