தொழுவத்துச் சட்டம்

அரண்மனை மணியக்காரருக்குச் சட்டம் போடுவதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. "அரண்மனைச் சோறு தின்னும் எவரும் வேலை நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது" என்றார். பால் கறக்கும் செங்கமலத்தின் கைக்குழந்தை கஞ்சித்தண்ணீர் குடித்து மெலிந்தது.

ஒருநாள் ராஜாவுக்குப் பால் வரவில்லை. கோபத்தோடு மணியக்காரரையும் கூட்டிக்கொண்டு அவரே தொழுவத்துக்கு வந்தார். கன்று தூரத்தில் கட்டிக்கிடந்து கத்தியது.

"கன்றை ஊட்டவிடாமல் பசு எப்படிச் சுரக்கும், அறிவில்லையா?" என்று செங்கமலத்திடம் சீறினார் ராஜா.

"மணியக்காரர் சட்டம், மகாராஜா. பசுவும் அரண்மனைத் தீனிதான் தின்கிறது. அதற்கும் இது வேலை நேரம்" என்றாள் செங்கமலம்.

ராஜா மணியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கன்றை அவிழ்க்க ஓடினார்.

மாலையில் ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள்: வேலை செய்யும் இடத்திலேயே தாய்மார் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், கூலி குறையாது. தொழுவத்தில் செங்கமலத்தின் பிள்ளைக்குத் தூளியாகத் தொங்கியது, மணியக்காரரின் பட்டு அங்கவஸ்திரம்.