முதல் மடக்கு குடிக்காத கழுதை

உயிர்களில் ஆறறிவு உள்ளவன் மனிதன் ஒருவன்தான். மற்றவற்றுக்கு ஐந்தும் அதற்குக் கீழும். இந்தக் கணக்கைப் போட்டவனும் மனிதன்தான் என்பதால் அதில் தப்பிருக்க வழியில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்குக் கழுதைகளில் உப்பு கொண்டுபோகும் கூட்டம் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. தலைவர் பெயர் சேந்தன். வழியில் பழக்கமில்லாத நீர்நிலையைக் கண்டால் முதல் மடக்கு வரிசையில் முன்னால் நடக்கும் முன்கழுதைக்குத்தான் என்பது அவர்கள் வழக்கம். அது குடித்து, கொஞ்ச நேரம் விழாமல் நின்றால், பிறகு மனிதர்கள் குடிப்பார்கள். வாயில்லா ஜீவனுக்கு முதலிடம் கொடுக்கிறோம் என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இந்தப் பெருமையைப் பற்றிக் கழுதையிடம் யாரும் கேட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு உண்டு. பயணத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியவர் அதன்பின் நடக்க வேண்டியதில்லை. மாலை போட்டு, முன்கழுதையின் மேல் உட்காரவைத்து ஊருக்குள் அழைத்துப் போவார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அந்தக் கூட்டத்தில் கிடையாது.

ஒரு கோடையில் வழக்கமான கிணறுகள் எல்லாம் வற்றிக் கிடந்தன. தோற்பைகள் காலியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. சேந்தனின் மனைவி வெண்ணிக்குப் பால் வற்றிவிட்டது. கையிலிருந்த மூன்று மாதக் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக் கிடந்தது. தெம்பிருந்தவரை அழுதுகொண்டிருந்த பிள்ளை ஓய்ந்துபோனதுதான் அவளைக் கலக்கியது.

உச்சிவெயிலில் ஒரு குளம் தென்பட்டது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வழக்கப்படி முன்கழுதையைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது மோந்து பார்த்தது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

கழுதை ஓட்டும் கீரனுக்குக் கோபம் வந்துவிட்டது. குடி, குடி என்று பிரம்பால் நான்கு சாத்துச் சாத்தினான். அது அசையவில்லை.

"கழுதைக்கு என்ன ருசி தெரியும்?" என்றார் வைத்தியர் நன்னாகன். சொல்லிக்கொண்டே தன் சுரைக்குடுக்கையை விளிம்புவரை மொண்டு இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கணியர் பொத்தன் சோழி உருட்டிப் பார்த்தார். "இன்னைக்கு நமக்குத் தண்ணி கிடைக்கும்னு இருக்கு. தாராளமாக் குடிக்கலாம்."

சேந்தன் கை நிறைய அள்ளிக்கொண்டு மனைவியிடம் வந்தார். வெண்ணி குழந்தையின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அதுக்கும் ரெண்டு நாளாத் தாகம்தானே? அடி வாங்கியும் வேண்டாங்குது. எனக்கும் வேண்டாங்க. என் பிள்ளைக்கும் வேண்டாம்."

"தண்ணிய முன்னால வச்சுக்கிட்டு நம்ம மகளைச் சாகவிடச் சொல்றியா?" என்றார் சேந்தன். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகிப் போயிற்று.

அந்த நேரம் கீரன் ஐந்தாவது அடியை வைத்தான். கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஓடியது. கீரன் பிரம்போடு பின்னால் ஓடினான், மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள். அங்கே ஒரு காட்டாற்றின் காய்ந்த மணல். கரையில் கொஞ்சம் கோரை பச்சையாக நின்றது. கழுதை அதன் அருகே முன்னங்காலால் மணலைப் பறித்துக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழம் போனதும் குழியில் தண்ணீர் ஊறியது. கழுதை குடித்தது, நின்றது, விழவில்லை.

வெண்ணி துணியை நனைத்துக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். கொஞ்ச நேரத்தில் அது வீறிட்டு அழுதது. அத்தனை பேரும் சிரித்தார்கள். சேந்தன் மணலில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார். மாலைக்குள் வெண்ணிக்குப் பாலும் சுரந்தது.

குளத்தின் மறுகரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆட்கள், அரளிக் கிளைகள் ஒடிந்து விழுந்து நீருக்குள் அழுகிக் கிடப்பதாகவும், பக்கத்தில் நாலைந்து மைனாக்கள் செத்துக் கிடப்பதாகவும் சொன்னார்கள். நன்னாகன் ஒரு புதருக்குப் பின்னால் போய்க் குடுக்கையைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

சேந்தன் கோரையில் ஒரு மாலை கட்டச் சொன்னார். "என் மகளைக் காப்பாத்தினது யாரு? வந்து ஏறிக்கிடுங்க."

மூன்று பேர் முன்னால் வந்தார்கள்.

"எல்லாரும் தவிச்ச நேரத்துல நான் ஒரு சொட்டு நாக்குல வச்சேனா? குடுக்கையில வச்சுக்கிட்டே பொறுத்தேன். அது வைத்தியனோட நிதானம்" என்றார் நன்னாகன்.

"தண்ணி கிடைக்கும்னு சொன்னேன். கிடைச்சுதா இல்லையா?" என்றார் பொத்தன்.

"ஐயா, நான் அடிக்காட்டி அது ஓடியிருக்குமா? ஓடாட்டி இந்த ஊத்துத்தான் கிடைச்சிருக்குமா?" என்றான் கீரன்.

மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். முன்கழுதை முதுகில் இரண்டு உப்பு மூட்டையோடு, யார் ஏறப்போகிறார்கள் என்று தெரியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

இனி நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கழுதையின் மேல் ஏற வேண்டியவர் யார்?

விடை: மூவரில் யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் திரும்பப் போய்ப் படியுங்கள். ஒருவர் அந்த நீரை மொண்டார், ஒருவர் குடிக்கச் சொன்னார், ஒருவன் குடிக்கவைக்க அடித்தான். ஆறாவது அறிவு என்று ஒன்று அன்று அங்கே வேலை செய்தது என்றால், அது வெண்ணியிடம்தான். கழுதை சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்தி. அவளும் ஏறவில்லை. பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் எழுந்து, மாலையை வாங்கிக் கழுதையின் கழுத்தில் போட்டாள். உப்பு மூட்டைகளை இறக்கி மூன்று பங்காக்கி அந்த மூவரின் தோளில் ஏற்றச் சொன்னாள். சேந்தன் மறு பேச்சில்லாமல் ஏற்றினார். அப்படியே ஊர்போய்ச் சேர்ந்தார்கள். கழுதை வெறும் முதுகோடு முன்னால் நடந்தது. மாலையை மட்டும் ஊரில் யாரும் பார்க்க முடியவில்லை; ஊர் எல்லைக்கு வருவதற்குள் கழுதை அதைத் தின்றுவிட்டிருந்தது.