இருவாச்சி அடைத்த கதவு

முப்பது வருஷம் சிறைக் காவலராகப் பூட்டுப் போட்டவர் செங்கோடன். ஓய்வு பெற்ற மறுமாதமே மலையேறி, சடையம்மையின் குடிலுக்கு வந்து காலில் விழுந்தார். அந்த அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குரு என்று ஆனபிறகு வயதென்ன வயது!

செங்கோடன் கேட்டது ஒன்றுதான். எத்தனையோ பேரை உள்ளே வைத்துப் பூட்டிய பாவம் தூங்கவிடவில்லை. தன்னையும் ஒரு மண்டலம் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். நாற்பத்தெட்டு நாளில் ஒரு நாள் குறைந்தாலும் பாவம் கழியாது என்று சட்டமும் அவரே சொன்னார். பழக்கதோஷம். சடையம்மை மறுக்கவில்லை. ஓரத்துக் குடிசையில் விட்டு, வெளியே தாழ் போட்டார்.

ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய மரம். மேட்டில் ஏறும் பஸ் மாதிரி சிறகு இரைய, ஒரு இருவாச்சிப் பறவை தினமும் அதில் வந்து இறங்கும். மஞ்சள் மூக்கு, அதன்மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு கொண்டை. குரைத்தால் காடே அதிரும். அப்புறம், மண் பூசி அடைத்த பொந்தின் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். உள்ளேயிருந்து இன்னொரு மூக்கு நீண்டு வாங்கிக்கொள்ளும்.

உள்ளே இருப்பது ஒரு கைதி என்று செங்கோடனுக்கு விளங்கிவிட்டது. பூட்டுகிற ஆள்தான் சோறும் கொடுப்பான், அவர் பார்க்காததா? ஒரு பாவமும் அறியாத பறவை உள்ளே கிடக்கிறதே! மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாற்பதாம் நாள் கழிந்து, மறுநாள் காலை கதவைத் தட்டினார். அந்தப் பறவையை விடுவிக்க வேண்டும் என்றார்.

"இப்போ வெளியே வந்தா நோன்பு முறிஞ்சிடும் ஐயா."

"முறியட்டும் அம்மா. எனக்குக் கதி கிடைக்காட்டியும் போகட்டும்."

தாழ் திறந்தது. பொந்து அவ்வளவு உயரத்தில் இல்லை. சடையம்மையே ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். செங்கோடன் ஏறிக் குச்சியால் குத்த, ஒரு கைப்பிடி மண் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது பெண் இருவாச்சி. அது வெளியே வரவில்லை. அவர் விரலில் ஒரு கொத்து விட்டது. பிறகு எச்சத்தையும் பழச் சக்கையையும் மூக்கால் அள்ளி அப்பி, உடைந்த இடத்தை உள்ளிருந்தே அடைக்க ஆரம்பித்தது.

ரத்தம் சொட்டச் சொட்ட இறங்கினார் மனுஷன். முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு கைதியை அவர் கண்டதில்லை.

"என் நோன்பும் போச்சு, அதுவும் வரலை. பாவம் செய்யாதது உள்ளேயே இருப்பேங்குது. செஞ்சவன் வெளியே நிக்கறேன். எனக்கு ஒண்ணுமே புரியலை. மறுபடியும் முதல் நாள்லேர்ந்து பூட்டுங்கம்மா."

சடையம்மை முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அவர் விரலைச் சுற்றிக் கட்டினார்.

"பூட்டறதுக்கு என்ன, பூட்டறேன். அது குஞ்சு பொரிக்க உள்ளே உட்கார்ந்திருக்கு. நாற்பது நாள் இருந்தீங்களே, உங்களுக்குள்ளே என்னங்கய்யா பொரிஞ்சுது?"